காலர் மைக்கா, மேசை மைக்கா?

ஆன்லைன் வகுப்பில் படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் புரியவில்லை என்றால் பாடமே போச்சு. அதனால் கேமராவுக்கு முன் மைக்கை முடிவு செய்யுங்கள்.

மேசை மைக்கில், அதாவது மேசையில் வைத்துக் கணினியில் செருகும் யூஎஸ்பி கண்டென்சர் மைக்கில், குரல் கனமாக, செழுமையாகப் பதியும். ஆனால் நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், தலைக்கு மேல் மின்விசிறி. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். வாயிலிருந்து 15 - 20 செ.மீ.க்குள் மைக்கை வைத்தால் சரியாகிவிடும், ஆனால் பலகைப் பக்கம் திரும்பிய உடனே குரல் விழுந்துவிடும்.

காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொண்டால், நீங்கள் எங்கே நடந்தாலும் தூரம் மாறாது. துப்பட்டாவோ சங்கிலியோ உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கம்பி மைக் என்றால் 3.5 மி.மீ. பின்னைக் கவனியுங்கள்: மூன்று வளையக் கோடு போனுக்கு, இரண்டு கோடு கேமராவுக்கு. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் குரல் பதியாது.

நின்றுகொண்டு கணக்குப் போட்டுக் காட்டுபவர் யோசிக்காமல் காலர் மைக் வாங்கலாம். உட்கார்ந்து ஸ்லைடுக்குக் குரல் மட்டும் கொடுப்பவருக்கு மேசை மைக்தான் என் தேர்வு. பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிர்ச்சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள்.