அவன் மனசு எனக்குத் தெரியவே வேண்டாம்

ஜே.டி. ராப் எழுதும் 'இன் டெத்' வரிசையின் முதல் புத்தகம் மின்நூலில் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கொலை மர்மத்தோடு காதல் ஓடும் ரொமான்டிக் சஸ்பென்ஸும், ரத்தக்காட்டேரி மாதிரி அமானுஷ்யப் பிறவிகளோடு காதல் ஓடும் பாராநார்மல் ரொமான்ஸும் கல்லூரி நாளிலிருந்து விடாமல் படித்துவருகிறேன். சொல்வதற்கு நிறைய சேர்ந்துவிட்டது. ராப் என்பது அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸின் இன்னொரு பெயர், வருடத்துக்கு இரண்டு புத்தகம் வருகிறது, ஐம்பதைத் தாண்டிவிட்டது என்பதெல்லாம் இதைப் படிக்க வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பேச வந்தது பல வருடமாக என்னை உறுத்துகிற ஒரே ஒரு விஷயம். நாயகனின் மனசுக்குள் நம்மை ஏன் இவ்வளவு சீக்கிரம் கூட்டிக்கொண்டு போகிறார்கள்?

இன்றைக்கு வரும் ரொமான்டிக் சஸ்பென்ஸ் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு கொலை. நாயகிக்கு மிரட்டல். புதிதாக ஒருவன் வந்து நிற்கிறான், அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. நமக்கு நெஞ்சு லேசாகப் படபடக்கிறது. அடுத்த அத்தியாயமே அவன் பார்வையில் தொடங்குகிறது. இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவன் தவிக்கிறான். அவ்வளவுதான், முடிந்தது. கொலைகாரன் அவன் இல்லை. அதற்கப்புறமும் நாயகி இருநூறு பக்கத்துக்கு அவனைச் சந்தேகப்படுவாள். படிக்கிற நமக்கு அவள்மேல் எரிச்சல் வரும், முட்டாள் மாதிரி தெரிவாள். பாவம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவளிடம் மறைத்ததை ஆசிரியர் நம் காதில் மட்டும் போட்டுவிட்டார். விடுகதை போட்ட கையோடு விடையையும் சொல்லிவிட்டு, இப்போது யோசி என்றால் எப்படி?

இது போதாது என்று நடுநடுவே சாய்வெழுத்தில் கொலைகாரனின் மனசு வேறு. ராஜேஷ்குமார் படித்து வளர்ந்தவர்களுக்குக் கதை இரண்டு தடத்தில் ஓடுவது புதிதில்லை. அங்கே இரண்டு தடமும் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் புதிர், அதற்காகவே பக்கம் புரளும். இங்கே அந்தச் சாய்வெழுத்துப் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: இவன் கெட்டவன், இன்னும் கெட்டவன், சின்ன வயதில் அம்மா சரியில்லை. இப்போதெல்லாம் அந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் படிக்கிறேன். கதையில் ஒன்றும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

இந்த வகைக்கு வேராக இருந்த புத்தகங்கள் இப்படி இல்லை. மேரி ஸ்டூவர்ட்டின் 'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்' 1958-இல் வந்தது. லிண்டா என்ற அனாதைப் பெண் பிரெஞ்சு மலைநாட்டில், தோனோன் ஊருக்கு மேலே இருக்கும் ஒரு பெரிய மாளிகைக்கு ஆசிரியையாக வருகிறாள். அவள் பொறுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஃபிலிப். சொத்தும் பட்டமும் அவன் பெயரில். நிர்வாகம் சக்கர நாற்காலியில் இருக்கும் சித்தப்பா லியோன் கையில். காட்டில் ஒரு துப்பாக்கிக் குண்டு பையனை உரசிப் போகிறது. மாடி முகப்பில் ஒரு கல் ஆட்டம் காண்கிறது. இந்த நேரத்தில்தான் லிண்டா, லியோனின் மகன் ரவூல்மேல் ஆசை வைக்கிறாள். முழுக் கதையும் அவள் வாயால் சொல்லப்படுவது. அவளுக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும் தெரியும். அவன் சிரிப்பதைப் பார்க்கிறோம், கார் ஓட்டும் வேகத்தைப் பார்க்கிறோம். உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒரு வரி கிடையாது.

அப்புறம் அந்த இரவு. பையனைக் கொல்லப்போகிறார்கள் என்று லிண்டாவுக்கு உறுதியாகிவிடுகிறது. ரவூலிடம் போய்ச் சொன்னால் காப்பாற்றக்கூடும், அவனே கூட்டாளியாகவும் இருக்கக்கூடும். தான் நேசிப்பவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பையனைக் கூட்டிக்கொண்டு இருட்டில் கிளம்பிவிடுகிறாள். தன் உயிர் என்றால் அவனை நம்பிப் பார்த்திருப்பாள். பந்தயத்தில் இருப்பது குழந்தையின் உயிர் என்பதால் காதலை ஓரமாக வைத்துவிடுகிறாள். காதலும் மர்மமும் ஒரே கேள்வியாகிவிடும் இடம் இது: இவனை நம்பலாமா? ரவூல் எப்படிப்பட்டவன் என்று இங்கே சொல்லமாட்டேன். அவன் பார்வையில் ஒரே ஒரு அத்தியாயம் இருந்திருந்தால் இந்தப் புத்தகமே இல்லை. 1960-இல் விக்டோரியா ஹோல்ட் கார்ன்வால் கடற்கரையில் இதே மாதிரி ஓர் ஆசிரியையையும் மாளிகையையும் வைத்து எழுதத் தொடங்கியபோதும் தன்மையில்தான் கதை சொன்னார். மயிலாப்பூர் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஹோல்ட் இன்னும் கிடைப்பார், அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கலாம்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லியாகவேண்டும். நாயகி பார்வையில் மட்டுமே போகும் பழைய காதல் நாவல்களில் நாயகன் கடைசிப் பக்கம்வரை சிடுசிடுப்பான், அவமானப்படுத்துவான், கடைசியில் "முதல் நாளே உன்னை நேசித்தேன்" என்பான். அதை எத்தனை புத்தகத்தில் நம்புவது? எண்பதுகளுக்கு அப்புறம் நாயகன் பார்வையும் புத்தகத்துக்குள் பரவலாக வந்தபோது வாசகிகள் வரவேற்றதில் அர்த்தம் இருக்கிறது. அவனுக்கும் பயம் உண்டு, தயக்கம் உண்டு என்று தெரிந்தால் காதல் கனமாகிறது. காதல் கதைக்கு அது சரி. கொலை நடக்கிற கதையில் அதே வசதி நம்மிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

பாராநார்மல் பக்கம் வந்தால் இதே வியாதி வேறு பெயரில். விதி சேர்த்துவைத்த ஜோடி. ஓநாயாக மாறும் மனிதனோ ரத்தக்காட்டேரியோ, அவளை முகர்ந்த உடனே "இவள் என்னவள்" என்று அவனுக்குத் தெரிந்துவிடும். கிறிஸ்டின் ஃபீஹன் 1999-இல் 'டார்க் பிரின்ஸ்' எழுதி இதற்கு ஒரு பெரிய ராஜபாட்டை போட்டார். அவர் கற்பனை செய்த, நூற்றாண்டுகள் வாழும் கார்பேத்திய மலை இனத்து ஆண்களுக்கு இருநூறு வயதுக்குமேல் உணர்ச்சியும் போய்விடும், நிறங்களும் தெரியாது. எல்லாம் சாம்பல். தனக்கென்று இருக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்கும்போது நிறங்கள் திரும்பிவரும். எத்தனை அழகான கற்பனை! நூற்றாண்டுகளாகச் சாம்பலையே பார்த்தவன் கண்ணில் திடீரென்று அவள் கூந்தலின் நிறம் படுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடம் சலிக்காது.

ஆனால் அதே இனத்து ஆண் சில சடங்கு வார்த்தைகளைச் சொன்னால் போதும், அவள் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனோடு கட்டப்பட்டுவிடுவாள். விலகிப் போனால் வாட்டி எடுக்கும். இங்கே சந்தேகத்துக்கு இடம் ஏது? அவள் "முடியாது" என்று சொல்லக்கூடிய வாய்ப்பே இல்லாதபோது "சரி" என்று சொல்வதில் எனக்கு என்ன சந்தோஷம் இருக்க முடியும்? நிறம் திரும்பும் அந்த அழகான பக்கத்தைப் படித்த அதே மனசு இதைப் படிக்கும்போது கொதிக்கிறது. இந்த வரிசையை ரசித்து ரசித்துப் படிப்பவர்கள் உண்டு. அந்தச் சடங்கு வார்த்தைகளையே மனப்பாடமாகச் சொல்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போக முடியாது.

நளினி சிங் இதைப் புரிந்துகொண்டவர். ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த அவர் 2006-இல் 'ஸ்லேவ் டு சென்சேஷன்' மூலம் ஒரு வரிசையைத் தொடங்கினார். மனோசக்தி கொண்ட ஓர் இனம், வன்முறைக்குப் பயந்து, குழந்தையிலிருந்தே உணர்ச்சிகளை அழித்துப் பழக்குகிறது. அந்த இனத்தில் பிறந்த சாஷாவுக்கு மட்டும் உணர்ச்சி சாகவில்லை. வெளியே தெரிந்தால் அவள் மனதைத் துடைத்துவிடுவார்கள். அந்த இனத்தின் மனவலையை விட்டு வெளியே வந்தாலோ உயிர் தங்காது. இந்த நிலையில் சிறுத்தையாக மாறக்கூடிய மனிதர்களின் தலைவன் லூகஸ் எதிரே வந்து நிற்கிறான். அவன் பார்வையிலும் அத்தியாயங்கள் உண்டு, அவன் நல்லவன் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் எனக்குப் பதற்றம் குறையவில்லை. அவன் யார் என்பது அங்கே கேள்வியே இல்லை, நேசித்தால் அவள் உயிரோடு இருப்பாளா என்பதுதான் கேள்வி. நாயகன் மனசைத் திறந்து வைத்துக்கொண்டும் ஒருவர் சஸ்பென்ஸ் எழுத முடியும் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு எழுத்தாளரிடம்தான். 2011-இல் வந்த 'கிஸ் ஆஃப் ஸ்நோ'வில் இன்னும் ஒரு படி போகிறார். ஓநாய்த் தலைவன் ஹாக், தனக்கு விதிக்கப்பட்ட ஜோடியைச் சின்ன வயதிலேயே இழந்தவன். விதி கைவிட்ட ஒருவன் தானாக ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க முடியுமா, அது போதுமா என்ற கேள்வியோடு புத்தகத்தின் பெரும்பகுதி ஓடும். இந்த வகையில் எழுதப்பட்ட மிக நேர்மையான கேள்வி அது என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த பெரிய ஆனந்தம் சார்லைன் ஹாரிஸிடம். லூயிசியானாவின் ஒரு சின்ன ஊரில் மதுக்கடையில் பரிமாறும் சூக்கிக்கு மனிதர்கள் மனதில் நினைப்பதெல்லாம் காதில் விழும். அது அவளுக்கு வரம் இல்லை, தொல்லை. எந்த ஆணோடும் நெருங்க முடியாது, அவன் நினைக்கும் ஒவ்வொன்றும் கேட்டுவிடும். அப்போது பில் என்ற ரத்தக்காட்டேரி கடைக்குள் வந்து உட்காருகிறான். அவன் மனசிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிக்காகவே அவள் அவனிடம் போகிறாள். முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் இத்தனை வருடம் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை இந்த அம்மா கதையாகவே எழுதிவிட்டார். தெரியாமல் இருப்பதில்தான் ஈர்ப்பு. அந்தத் தெரியாமையில்தான் ஆபத்தும் இருக்கிறது, அதையும் அடுத்தடுத்த புத்தகங்களில் சூக்கி அனுபவிக்கிறாள்.

2001-இல் தொடங்கிய அந்த வரிசை 13 புத்தகத்தோடு 2013-இல் முடிந்தது. முழுக்க சூக்கியின் குரலிலேயே போனதால் கடைசிவரை அவள் யாரோடு சேர்வாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முடிவு தெரிந்தபோது, வேறொருவனுக்காகக் காத்திருந்த வாசகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பத்து வருடத்துக்குமேல் ஒருவனுக்காகக் காத்திருந்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் நான் ஹாரிஸ் பக்கம். கடைசிவரை சந்தேகம் வேண்டும், முடிவு மட்டும் நான் நினைத்தபடியே இருக்கவேண்டும் என்று எந்த எழுத்தாளரிடமும் கேட்க முடியாது.

சரி, தோழி கேட்ட ராப்புக்கு வருகிறேன். 1995-இல் வந்த 'நேக்கட் இன் டெத்'தில் கதை நடப்பது 2058-ஆம் வருட நியூயார்க்கில். துப்பறியும் போலீஸ் அதிகாரி ஈவ் டல்லாஸ். அவள் விசாரிக்கும் கொலையில் சந்தேகத்துக்குரியவன் ரோர்க் என்ற பெரும் பணக்காரன். கொலை நடந்தது பழங்காலத் துப்பாக்கியால், அவனோ பழங்கால ஆயுதங்களைச் சேர்ப்பவன். எவ்வளவு நல்ல தொடக்கம்! ஆனால் அவன் மனசையும் ராப் திறந்துவிடுகிறார், சந்தேகம் அதிக தூரம் போவதில்லை. அவள் கோட்டிலிருந்து விழுந்த ஒரு பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவனை யார் கொலைகாரன் என்று நினைப்பார்கள்?

இந்த வரிசையின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தின் முடிவில் இருவருக்கும் கல்யாணம். மற்றவர்கள் கதையை நிறுத்தும் இடத்தில் ராப் தொடங்குகிறார். அவன் பணத்தை அவளால் சகிக்க முடியாதது, அவள் சாப்பிட மறப்பது, அவள் வழக்கில் அவன் மூக்கை நுழைப்பது, அந்த வீட்டு நிர்வாகி சம்மர்செட்டோடு அவள் போடும் தினசரிச் சண்டை என்று ஒரு தாம்பத்தியம் புத்தகம் புத்தகமாக வளர்கிறது. 2003-இல் வந்த 'போர்ட்ரெய்ட் இன் டெத்'தில் ரோர்க் தன் அம்மாவைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொண்டு அயர்லாந்துக்குப் போகும் பகுதியைப் படித்து அழுதிருக்கிறேன். 2007-இல் வந்த 'இன்னசன்ட் இன் டெத்'தில் அவனுடைய பழைய காதலி வந்து நிற்கிறாள். அவளைப் பார்த்த கணத்தில் ரோர்க்கின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போவதை ஈவ் கவனித்துவிடுகிறாள். கொலைகாரன் யார் என்பதைவிட இந்தக் கல்யாணம் நிற்குமா என்ற பயம்தான் அந்தப் புத்தகத்தில் என்னைத் தூங்கவிடவில்லை. இவனை நம்பலாமா என்ற அந்தப் பழைய கேள்வி, கல்யாணத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. ராப்பால் இது முடியும். முடியும் என்பதால்தான், கொலைகாரன் யாரென்று முன்பே சொல்லிவிட்டு வெறும் துரத்தலாகப் போகும் அவருடைய மற்ற புத்தகங்கள்மேல் எனக்கு இத்தனை ஆத்திரம். நேற்று முடித்ததும் அப்படி ஒன்றுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். ஈவின் குழந்தைப் பருவக் கொடுமைகள் இந்த வரிசை முழுக்க வரும், தாங்க முடியாதவர்கள் தொடவேண்டாம். படுக்கையறைக் காட்சிகள் ராப், சிங், ஃபீஹன் மூவரிடமும் வெளிப்படையாகவே இருக்கும். ஸ்டூவர்ட்டையும் ஹோல்ட்டையும் வீட்டில் யார் கையிலும் கொடுக்கலாம். ராப்பை வரிசை மாறிப் படித்தாலும் சமாளித்துவிடலாம், சிங்கை முதலிலிருந்துதான் படிக்கவேண்டும்.

ராப்பை இவ்வளவு புகழ்ந்தபிறகும் தோழிக்கு என் பதில்: விலை குறைந்திருந்தாலும் இப்போது வாங்காதே. அதில் நுழைந்தால் ஐம்பது புத்தகத்துக்கு வெளியே வரமாட்டாய், நாயகன் மனசு திறந்தே கிடப்பது உனக்குப் பழகிப்போய்விடும். முதலில் ஸ்டூவர்ட்டை வாங்கு. முன்பே படித்தவர்கள், ரவூலை எந்த இடத்தில் சந்தேகிக்கத் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். எனக்கு அது அந்தக் காட்டில் குண்டு பாய்ந்த பக்கத்திலேயே தொடங்கிவிட்டது.