அந்த பேனரில் சிரிக்கிற பெண் வியட்நாமில் இல்லை

காட்பாடி பக்கம் போய்வருகிறவர்கள் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்திருக்கலாம். மஞ்சள் சுடிதார், கையில் சர்டிபிகேட், பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கீழே ‘வியட்நாமில் ஆங்கில ஆசிரியையாகப் பணிபுரியும் எங்கள் மாணவி’ என்று போட்டிருக்கும். அது நான்தான். வியட்நாமில் இல்லை. குடியாத்தத்தில் எங்கள் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். பக்கத்தில் ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடக்கிறது.

புகார் நிலுவையில் இருப்பதால் அந்த இன்ஸ்டிட்யூட்டின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்று வருஷம். சம்பளம் 13,500. வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க டெஃபல் (TEFL, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு அதைக் கற்பிக்கும் பயிற்சி) சர்டிபிகேட் வேண்டும் என்று தெரிந்ததும் விசாரிக்க ஆரம்பித்தேன். ஆன்லைனில் 120 மணி நேரக் கோர்ஸ் 16,000 ரூபாய். காட்பாடியில் அதே 120 மணி நேரம், ‘நேரடி வகுப்பு’, பன்னிரண்டு வார சனி ஞாயிறு, 68,000 ரூபாய். நான் ஆன்லைன் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். நைனா விடவில்லை. “ஆன்லைன்னா எவன் இன்னா சொல்லிக் குடுத்தான்னு யாருக்குத் தெரியும்? நேர்ல போயி கத்துக்கினு வாம்மா, ஆளையாவது பாத்துக்கலாம்” என்றார். லுங்கி வியாபாரம் செய்கிறவர், கையால் தடவிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். அம்மாவின் செயின் அடகுக்குப் போனது.

முதல் சனிக்கிழமை. ஏசி ஹால், பதினோரு பேர், சுவரில் பெரிய டிவி. கோ-ஆர்டினேட்டர் என்று ஒருவர் வந்து பென்டிரைவைச் சொருகினார். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அழகாகப் பேசினார். பாடம் முடிந்ததும், “தொடர, கீழே இருக்கும் நெக்ஸ்ட் பட்டனை அழுத்துங்கள்” என்றார். கோ-ஆர்டினேட்டர் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ரிமோட்டில் அழுத்தினார். பேட்டரி மூடி தொலைந்து ரப்பர் பேண்டு போட்ட ரிமோட். மூன்றாவது வாரத்தில் அதையும் ஆம்பூர் தம்பி ஒருவன் கையில் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

“சார், டியூட்டர் எப்ப வருவாங்க?” என்று கேட்டேன். “மெயின் டியூட்டர் லண்டன்ல கீறாரும்மா, லைவ் செஷன் வெப்போம்” என்றார். வைத்தார்கள், ஒரே ஒரு தடவை, நாற்பது நிமிஷம். அதில் பாதி நேரம் “ஆடியோ கேக்குதா”விலேயே போனது.

ஆறு மணி நேரம் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வைப்போம் என்பதுதான் சேரும்போது சொன்ன பெரிய வாக்குறுதி. மாணவர்கள் என்று யாருமே வரவில்லை. நாங்களே ஒருவருக்கொருவர் எடுத்துக்கொண்டோம். ஆம்பூர் தம்பி தாடியோடு ஆறு வயசுக் குழந்தையாக நடித்தான். மூன்று மாதத்தில் நான் நின்று பாடம் எடுத்தது மொத்தம் அரை மணி நேரம். கோ-ஆர்டினேட்டர் என் படிவத்தில் ‘குட்’ என்று எழுதினார். தம்பி படிவத்திலும் ‘குட்’தான்.

நிஜம் தெரிந்தது ஒரு ஜூம் இன்டர்வியூவில். வியட்நாமில் ஒரு மொழிப் பயிற்சி மையம். பெரியவர்கள் மூன்று பேர் மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். ‘யூஸ்டு டு’ (used to) என்ற இலக்கணப் பாடத்தைப் பதினைந்து நிமிஷத்தில் நடத்தச் சொன்னார்கள். நம் ஊர் வழக்கப்படி போர்டில் விதியை எழுதினேன், விளக்கினேன், நான்கு உதாரணம் கொடுத்தேன், “டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?” என்று கேட்டேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். எனக்குத் திருப்தி.

இன்டர்வியூ எடுத்தவர், “அவர்களுக்குப் புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். தலையாட்டினார்களே என்றேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். ‘ஹீ யூஸ்டு டு ஸ்மோக்’ என்று எழுதினால், இப்போது அவர் புகைக்கிறாரா, முன்பு ஒரே தடவை புகைத்தாரா பல தடவையா என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலில்தான் புரிந்ததா இல்லையா என்பது தெரியும். இதற்குப் பெயர் கான்செப்ட் செக்கிங். என் கோர்ஸ் தேர்விலேயே இது ஒரு மதிப்பெண் கேள்வி, நான்கில் சரியான விடையை டிக் அடித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஒரு வகுப்பில்கூடச் செய்து பார்த்ததில்லை.

அடுத்து, “நீங்கள் பாடம் எடுத்ததை யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? மாணவர்கள் நிஜ மாணவர்களா?” என்று கேட்டார். நான் இழுத்தேன். அவரே சர்டிபிகேட் எண்ணைச் சரிபார்ப்புத் தளத்தில் போட்டுத் திரையைக் காட்டினார். முறை: ஆன்லைன். மேற்பார்வையில் எடுத்த வகுப்பு: இல்லை. காகிதத்தில் ஆறு மணி நேரம் என்று அச்சடித்துக் கொடுத்தது இங்கே காட்பாடியில் சேர்த்த வரி. ஆக, நான் வேண்டாம் என்று விட்ட அதே 16,000 ரூபாய்க் கோர்ஸைத்தான் 68,000 கொடுத்து வாங்கியிருக்கிறேன். மீதி 52,000 ஏசிக்கும் டிவிக்கும்.

இதைப் படித்துவிட்டு ஆன்லைனே மேல் என்று ஓடிவிடாதீர்கள். வீடியோ பார்த்து டிக் அடிக்கிற கோர்ஸ் வீட்டில் பார்த்தாலும் ஹாலில் பார்த்தாலும் வீடியோதான். கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 120 மணி நேரப் பயிற்சி, அதில் ஆறு மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு, இரண்டு வெவ்வேறு நிலைகளில் பாடம் எடுக்க வேண்டும். பயிற்சியாளர் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்வார், வெளியிலிருந்தும் ஒரு மதிப்பீட்டாளர் வருவார். கொரோனாவுக்குப் பிறகு அதை முழுக்க ஆன்லைனிலும் செய்யலாம், ஜூமில் நிஜ மாணவர்கள் வருவார்கள், சர்டிபிகேட் ஒன்றேதான். லண்டன் டிரினிட்டி காலேஜின் செர்ட்டிசால் (CertTESOL) என்ற இதே மாதிரிக் கோர்ஸிலும் ஆறு மணி நேரம் உண்டு. இவையெல்லாம் லட்சத்தைத் தாண்டும், எல்லோராலும் முடியாது, எனக்கும் முடியவில்லை. முடியாவிட்டால் 16,000 ரூபாய்க் கோர்ஸை 16,000க்கே வாங்குங்கள்.

‘சர்வதேச அங்கீகாரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் யார் கொடுத்த அங்கீகாரம் என்று கேளுங்கள். டெஃபலுக்கு என்று உலகத்துக்கே பொதுவான ஒரே அமைப்பு கிடையாது. எங்கள் பிரசுரத்தில் தென்கொரியாவும் இருந்தது. அங்கே ஆங்கில ஆசிரியர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். கையில் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கொரியக் கனவு கண்டவர்கள் எங்கள் பேட்சில் நான்கு பேர்.

கோர்ஸ் முடிந்ததும் ‘பிளேஸ்மென்ட் பிராசஸிங்’ என்று 85,000 கேட்டார்கள். இதில் மட்டும் தப்பித்தேன், அதுவும் சித்தப்பா துபாயில் இருந்ததால். “இ-மைக்ரேட்ல பேர் கீதான்னு பாரு” என்றார். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கும் அரசுத் தளம் அது. அதில் இவர்கள் பெயர் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ‘ஸ்டடி மெட்டீரியல் அண்ட் போர்ட்டல் ஆக்சஸ்’ என்று முதல் நாளே அதில் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு, பயிற்சி என்ற சொல்லே இல்லை. தொகையை நான்கு முறை எண்ணிச் சரிபார்த்தேனே தவிர அந்த வரியைப் படிக்கவில்லை. இங்கிலீஷ் எம்.ஏ.!

1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்தேன். இன்ஸ்டிட்யூட்காரர்கள், பத்தாயிரம் தருகிறோம், ‘குறையொன்றும் இல்லை’ என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போடவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வகுப்பில் எடுத்த ஒரு செல்ஃபியில் டிவித் திரையும் அதில் அந்த நெக்ஸ்ட் பட்டனும் தெளிவாக விழுந்திருக்கின்றன. அதைத்தான் முதல் ஆவணமாக இணைத்திருக்கிறேன்.

நேரடி வகுப்பில் சேரப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை போய், பயிற்சிக்கு வந்தவர் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போன பேட்ச் சர்டிபிகேட் எண் ஒன்றை வாங்கி நீங்களே தளத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் சாக்கு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேனரை எடுக்கச் சொல்லி ரிஜிஸ்டர் தபால் அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் தம்பி அந்தப் பக்கம் போனபோது போட்டோ எடுத்து அனுப்பினான். என் முழங்கைக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், அடுத்த நேரடி பேட்ச் தொடங்கும் தேதியோடு.