ஒட்டா, ஸ்பிரிங்கா, தொடுகையா: அதிரும் சட்டகத்தில் போல்ட் இணைப்பை மாடல் செய்ய எது சரி?

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி போகும் வழியில் ஒரு ஜல்லி கிரஷர். சல்லடையைத் தாங்கும் இரும்புச் சட்டகத்துக்கு நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சல்லடை நிமிடத்துக்கு 900 சுற்று, அதாவது 15 ஹெர்ட்ஸ். சட்டகத்தின் இயல்பு அதிர்வெண், அதாவது ஒரு தட்டு தட்டினால் அது தானாக அதிரும் வேகம், என் கணக்கில் 19 ஹெர்ட்ஸ் வந்தது. இது இயந்திரத்தின் வேகத்துக்கு அருகில் வந்தால் ஆட்டம் பல மடங்கு பெருகும். போதிய இடைவெளி இருக்கிறது என்று நம்பினேன். ஓட்டிப் பார்த்தபோது, மேலே நடைபாதையில் நிற்கவே முடியவில்லை. கைப்பிடிக் குழாயைப் பிடித்தால் முழங்கை வரை அதிர்ந்தது. சட்டகத்தின் இயல்பு அதிர்வெண்ணை அளந்தோம்: 16.

தூண், பீம் அளவுகளில் தப்பில்லை. போல்ட் இணைப்புகளை நான் மாடல் செய்த விதத்தில்தான் தப்பு. சட்டகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் (மெஷ்) பிரித்துக் கணினியில் போடும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. இங்கே கிரஷர், கன்வேயர், ஜெனரேட்டர் மேடை என்று வேலை செய்கிறவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் வழி, ஒட்டிவிடுவது. இரண்டு தகடும் ஒரே இரும்பு என்று வைத்துக்கொள்வது. மெஷ் போட அரை நாள், ஓட சில நிமிடம். வெல்டிங் இணைப்புக்கு இது பெரும்பாலும் சரியாகவே வரும். நான் செய்தது இதைத்தான், ஆனால் போல்ட் இணைப்புக்கு. ஒட்டியதும் சட்டகம் உள்ளதைவிட விறைப்பாகிவிடுகிறது, அதிர்வெண் ஏறிவிடுகிறது. நிலையான சுமை என்றால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதிர்வில் கதை வேறு. 2 சதவீத டாம்பிங் (அதிர்வை அடக்கும் தன்மை) வைத்துக் கணக்கிட்டால், 19 ஹெர்ட்ஸ் சட்டகத்தில் 15 ஹெர்ட்ஸ் விசை ஏறத்தாழ 2.6 மடங்கு பெருகும். 16 ஹெர்ட்ஸ் சட்டகத்தில் அதே விசை சுமார் 8 மடங்கு. அதிர்வெண்ணில் 3 குறைந்ததற்கு ஆட்டம் மூன்று மடங்கு!

இந்த வழியில் இன்னொரு குறையும் உண்டு. இரும்புக்கென்று உள்ள டாம்பிங் மிகக் குறைவு. சட்டகத்தில் நாம் அளக்கும் டாம்பிங்கில் பெரும்பங்கு இணைப்புகளில் தகடும் தகடும் உரசுவதால் வருவது. இணைப்பையே ஒட்டிவிட்டால் அந்த உரசலுக்கு மாடலில் இடமே இல்லை. டாம்பிங்கை நாமே ஓர் எண்ணாக ஊகித்துப் போட வேண்டியதுதான்.

இரண்டாம் வழி அதற்கு நேர் எதிர். போல்ட், நட்டு, வாஷர், தகடு எல்லாவற்றையும் திட எலிமென்ட்டாக வரைந்து, போல்ட்டுக்கு முன் இழுவிசை (இறுக்கும்போதே போல்ட்டில் ஏறும் இழுப்பு) கொடுத்து, தகடுகளுக்கு நடுவே உராய்வோடு தொடுகை வைப்பது. திரையில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். எந்த இடத்தில் தகடு வாய் திறக்கிறது, எந்த போல்ட் அதிகம் வாங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் அதிர்வெண் கணக்கிடும் கட்டத்தில் மென்பொருள் தொடுகையை அந்த நிலையிலேயே உறைய வைத்துவிடும். உராய்வோடு வழுக்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் நேரப் படி நேரப் படியாக முழுக் கணக்கும் ஓட வேண்டும். ஓர் இணைப்புக்கே பல மணி நேரம். சட்டகத்தில் இருப்பதோ 40 இணைப்பு.

நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை யோசிக்க வைத்தது வேறு. எம்20 (20 மி.மீ. விட்டம்), 8.8 வலிமைத் தர போல்ட்டுக்கு மாடலில் 137 கிலோ நியூட்டன் முன் இழுவிசை கொடுத்தேன். புத்தகப்படி அது சரி. அந்த இழுவிசை வர ஏறத்தாழ 550 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். களத்தில் ஃபிட்டரிடம், "எவ்வளவுண்ணா இறுக்குவீங்க?" என்று கேட்டேன். கையில் ஓரடி நீளத்துக்கு 30-ஆம் நம்பர் ஸ்பேனர். "கை நிக்கிற வரைக்கும் சார்" என்றார். அந்த ஸ்பேனரில் 40 கிலோ பலம் கொடுத்து இழுத்தால் கிடைப்பது 120 நியூட்டன் மீட்டர். அதாவது போல்ட்டில் சுமார் 30 கிலோ நியூட்டன், நான் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை.

உராய்வும் அப்படித்தான். இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800:2007-இன்படி உராய்வுக் கெழு, ஷாட் பிளாஸ்ட் (இரும்புக் குண்டுகளை வீசிச் சொரசொரப்பாக்குவது) செய்த பரப்புக்கு 0.5, எதுவும் செய்யாத பரப்புக்கு 0.2. எங்கள் தகடு இரண்டாம் வகை. 30 கிலோ நியூட்டனில் 0.2 என்றால் ஒரு போல்ட் 6 கிலோ நியூட்டனிலேயே வழுக்கத் தொடங்கும். குறுக்கு அதிர்வில் இப்படி வழுக்கும் இணைப்பில் நட்டு தானாகக் கழன்று வரும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். ஆக, இவ்வளவு நுணுக்கமான மாடலுக்குள் நான் கொடுத்த இரண்டு எண்ணும் களத்தில் இல்லாதவை. விடை மட்டும் எப்படிச் சரியாக வரும்?

மூன்றாம் வழிதான் இப்போது நான் முதலில் எடுப்பது. மாடலில் இணைப்பு இருக்கும் இடத்தில் ஒரு ஸ்பிரிங், ஒரு டாம்பர் (அதிர்வை அடக்கும் உறுப்பு). அவற்றின் எண்களைச் சட்டகத்திலேயே அளந்து எடுப்பது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, போனை இரட்டைப் பக்க டேப்பால் பீமில் ஒட்டி, போனின் சென்சார் அளவைப் பதிவு செய்யும் ஃபைஃபாக்ஸ் மாதிரி இலவசச் செயலியைத் திறந்து, மரக்கட்டை வைத்து சம்மட்டியால் ஒரு தட்டு. 16 ஹெர்ட்ஸ் அளக்க போனில் உள்ள முடுக்கமானியே போதும். அதிர்வெண் நேராகத் தெரியும். அலையின் உயரம் எத்தனை சுழற்சியில் பாதியாகிறது என்று எண்ணி, 0.11-ஐ அதனால் வகுத்தால் டாம்பிங் விகிதம். 5 சுழற்சி என்றால் 0.022. பிறகு மாடலின் அதிர்வெண் அளந்ததோடு ஒத்துவரும் வரை ஸ்பிரிங் விறைப்பை மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. கட்டாத சட்டகத்தைத் தட்டிப் பார்க்க முடியாது. புது வேலைக்கு, இதே மாதிரி ஏற்கெனவே நிற்கும் சட்டகத்தில் எடுத்த எண்தான் துணை. ஒரே ஓர் அதிர்வெண்ணை வைத்து ஆறு திசை விறைப்பையும் சரிசெய்தால், எண் பொருந்தும், சட்டகம் பொருந்தாது. பக்கவாட்டு, நீளவாட்டு, முறுக்கு என்று குறைந்தது மூன்று அசைவுகளாவது அளக்க வேண்டும். மேலும், லேசாகத் தட்டினால் ஓர் அதிர்வெண், ஓங்கி அடித்தால் சற்றே குறைந்த அதிர்வெண் வரும், ஏனென்றால் ஆட்டம் கூடக்கூட வழுக்கலும் கூடுகிறது. நேர்கோட்டு ஸ்பிரிங்குக்கு இது தெரியாது. அதனால் நான் இரண்டு விதமாகவும் அளந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள முழு வீச்சையும் 15-இலிருந்து தள்ளி வைக்கிறேன்.

ஹாப்பரில் பாறை விழும் அடிக்கு மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. அது சில மில்லி செகண்டில் முடிகிற வேலை. தொடுகையோடு எக்ஸ்பிளிசிட் முறையில், அதாவது மிகச் சிறிய நேரப் படிகளாக நகர்த்திப் போடுவதே நல்லது. 5 மி.மீ. மெஷ்ஷில் ஒரு நேரப் படி ஏறத்தாழ ஒரு மைக்ரோ செகண்ட்தான், இருந்தாலும் சில ஆயிரம் படிகளில் முடிந்துவிடும். சல்லடை ஓட்டத்தை அதே முறையில் போட்டால் ஒரு செகண்டுக்கே 10 லட்சம் படி.

அந்தச் சட்டகத்துக்கு வருகிறேன். ஒட்டிய மாடலில் மூலைவிட்ட பிரேசிங் போட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை. அந்த மாடலில் இணைப்புகள்தான், உண்மையில் இல்லாத விறைப்போடு, ஏற்கெனவே இருந்தனவே. ஸ்பிரிங் மாடலில் அதே பிரேசிங் அதிர்வெண்ணை நன்றாகவே தூக்கியது. அதை நம்பி இரண்டு பக்கமும் பிரேசிங் போட்டோம். அதிகம் வாங்கிய ஒரே ஓர் இணைப்பை மட்டும் தொடுகையோடு தனியாகப் பார்த்தேன், இந்த முறை 30 கிலோ நியூட்டன் வைத்து. அது வழுக்கியது. டார்க் ரெஞ்ச் ஒன்று வாடகைக்கு எடுத்து வந்து, 40 இணைப்பையும் திரும்ப இறுக்கினோம்.