மழையில்லாமல் ஒழுகும் சிலிங்: சுழலியா, சூரிய விசிறியா, போர்வையா?

"மூன்று நாளாக மழையே இல்லை. பிறகு எப்படி ஒழுகுகிறது?" என்று அம்மா கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் மாடி வீட்டுப் படுக்கையறைச் சிலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம். கூரைக்காரர் இருமுறை ஏறி ஓட்டு இடுக்குகளைப் பூசினார், இருமுறையும் பணம் வாங்கினார். வட்டம் மட்டும் வளர்ந்தது. அது மழைநீர் அல்ல, சிலிங்கின் வியர்வை.

கோலாலம்பூரின் இரவுக் காற்று 26 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதத்தோடு நின்றால், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிரும் எதன்மேலும் நீர் கோக்கும். ஏர்கோனை (ஏசியை) 18 டிகிரியில் வைத்துத் தூங்கினால் சிலிங் பலகையின் மேல்முகம் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். குளிர்நாடுகளில் கதை வேறு. அங்கே வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஈரம் குளிர்ந்த கூரையில் படிகிறது. வறண்ட குளிர்காலக் காற்று உள்ளே புகுந்தால் காய்ந்துவிடும். நமக்கோ வெளிக்காற்றே ஈரத்துணி.

இதை மனத்தில் வைத்துக் கடைக்காரர்கள் காட்டும் பொருள்களைப் பாருங்கள். கூரைமேல் பளபளக்கும், காற்றடித்தால் சுற்றிக் கூரைக்கடிச் சூட்டை வெளியேற்றும் சுழலிக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் காற்று வேண்டும். கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியலுக்கு முன் இலைகூட அசையாத இரவுகளே அதிகம். சிலிங் வியர்ப்பதும் அப்போதுதான். சூரிய விசிறியோ, பேட்டரி இல்லாவிட்டால், மாலையிலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. இரண்டும் பகல் வெப்பத்தை வெளியேற்றும், நனைந்த மரச்சட்டத்தைக் காயவைக்கும். அதற்கு வாங்கலாம், வியர்வைக்கு மருந்தாக வேண்டாம். விசிறியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: இறவாணத்தில், அதாவது கூரை விளிம்பின் அடியில், காற்று நுழைய வழியில்லை என்றால், விளக்குத் துளைகள் வழியாக அறையின் குளிர்காற்றையே உறிஞ்சும். ஏர்கோன் கட்டணம் கூரைவழியே போகும்.

இறவாணத்திலும் முகட்டிலும் திறப்பு விடுவது பழைய முறை. பழுதாக அதில் பாகமே கிடையாது என்பதால் எனக்குப் பிடித்ததும் அதுதான். மைனாவும் எலியும் குடியேறாமல் வலை அடிக்க வேண்டும், அவ்வளவே. பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் வானம் பார்த்த முற்றத்தால் இப்படித்தான் மூச்சுவிட்டன. ஆனால் அவை ஏர்கோன் இல்லாத காலத்து வீடுகள். அதே மாடியை அடைத்துக் குளிரூட்டினால், அந்த நல்ல காற்றோட்டமே ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும்.

மிஞ்சுவது போர்வை: சிலிங்கின்மேல் விரிக்கும் ராக்வுல் என்னும் பாறையிழைப் பஞ்சு. வியர்வையை நேராகத் தடுப்பது இதுதான், ஆனால் விரிக்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வெறும் பஞ்சை விரித்தால் ஈரக்காற்று அதற்குள் ஊடுருவி, அடியிலுள்ள குளிர்ந்த பலகையில் படியும். ஈரம் புகாத அலுமினியத் தாள் மேல்பக்கம், சூடான பக்கம், இருக்க வேண்டும். இணைப்புகளை ஒட்ட வேண்டும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் அந்தத் தடுப்பை அறைப் பக்கம் வைக்கச் சொல்லும். அங்கே அது சரி. கூரைக்கடியில் ஓடும் ஏர்கோன் குழாயின் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல "ஒழுகல்கள்" அங்கிருந்துதான் சொட்டுகின்றன.

தகரக் கூரைக்குத் தனிக் கணக்கு. தெளிந்த இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்து, விடியற்காலையில் உள்முகம் சொட்டும். அங்கே அடிப்பக்கம் நுரை ஒட்டிய தகடுதான் உதவும்.

நாங்கள் போர்வை விரித்து, விளக்குத் துளைகளை அடைத்து, ஏர்கோனை 24-க்கு ஏற்றினோம். வட்டத்தின்மேல் வெள்ளை அடித்து ஒரு வருடமாகிறது, திரும்ப வரவில்லை. முந்தைய உரிமையாளர் வைத்த சுழலியைக் கழற்றவில்லை. மாலை மழைக்கு முன் காற்று கிளம்பும்போது அது கிறீச்சிட்டுச் சுற்றும். அம்மா உடனே கொடியிலிருந்து துணிகளை எடுக்கப் போய்விடுவார்.