பொன்னியின் செல்வன்: கல்கியின் உத்திகளைக் கவனித்துப் படிக்க எந்தப் பதிப்பை வாங்கலாம்?

கல்கியின் எழுத்துகள் அரசுடைமையானதால் இந்த நாவலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். புத்தகக் கடையில் ஐந்து பாகத் தொகுதி, ஒரே கட்டில் மொத்தப் பதிப்பு, சுருக்கப் பதிப்பு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கதை மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எதையும் எடுக்கலாம். கல்கி கதையை எப்படிப் பின்னினார் என்று பார்க்க விரும்புகிறவர்கள் சுருக்கப் பதிப்பைத் தொடவே வேண்டாம். (கதை முடிச்சுகள் கீழே அவிழும், முதல் முறை படிக்கப் போகிறவர்கள் கவனிக்க.)

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடர் இது. உத்திகளில் பெரும்பாலானவை அந்த வார இடைவெளியிலிருந்து பிறந்தவை. ‘பல்லக்கில் யார்?’ என்று அத்தியாயத் தலைப்பே கேள்வி கேட்கிறது. அத்தியாய முடிவில் கதவு பாதி திறந்து நிற்கிறது. சுருக்குகிறவர்கள் அத்தியாயங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால் இந்த நிறுத்தங்கள் காணாமல் போகின்றன. ஆகவே காசு கொடுக்கும் முன் பொருளடக்கத்தைப் பாருங்கள். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91, ஆக மொத்தம் 293 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் அது முழு நூல் அல்ல.

முதல் பக்கத்திலேயே கல்கியின் கைவண்ணம் தெரிகிறது. கால வெள்ளத்தில் கற்பனை ஓடம் ஏறி 982 ஆண்டுகள் பின்னே போக வாசகரைக் கூப்பிடுகிறார். அது உருவகம். சில வரிகளுக்குள் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், நிஜத் தண்ணீரோடு அலைமோதுகிறது. உருவகமாக வந்த வெள்ளம் கதைக் களமாகிவிடுகிறது. பாகத்தின் பெயரும் ‘புது வெள்ளம்’. இதை வெறும் வர்ணனை என்று தாண்டிப் போகிறவர்கள்தாம் அதிகம்.

முன்னறிவிப்பு என்ற உத்திக்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் கிடைப்பது அரிது. முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயம் ‘குரவைக் கூத்து’. கடம்பூர் மாளிகையில் வேலனாட்டம் ஆடும் தேவராளன் ஆவேசம் வந்து, பழைய ராஜ வம்சத்து இரத்தத்தைத் துர்க்கை பலி கேட்பதாகக் கத்துகிறான். கேட்பவர்களுக்கு அது சாமியாட்டம். ஐந்தாம் பாகத்தில் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் உயிர் போவது அதே கடம்பூர் மாளிகையில். தேவராளன் சதிகாரர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதும் பிற்பாடு தெரியவருகிறது. அப்போது ஐந்தாம் அத்தியாயத்துக்குத் திரும்பினால், தெய்வ வாக்காகத் தோன்றியது திட்டமாக ஒலிக்கும். ஒரே வாக்கியம், இரண்டு பொருள். கரிகாலன் சாகும் ‘காரிருள் சூழ்ந்தது’ அத்தியாயத்தை முடித்த கையோடு ‘குரவைக் கூத்’தை மறுபடி எடுத்துப் படியுங்கள். முதல் பாகமும் ஐந்தாம் பாகமும் தனித்தனிப் புத்தகமாக இருந்தால் இரண்டையும் அருகருகே விரித்து வைக்க முடியும். ஐந்து பாகத் தொகுதியைப் பரிந்துரைக்க முக்கியக் காரணம் இதுதான். ஒரே கட்டில் வரும் பதிப்பில் எழுத்து பொடியாக இருக்கும், நடுப்பக்கம் விரியாது, அழுத்தி விரித்தால் முதுகு பிளந்துகொள்ளும்.

படகோட்டும் பெண் பூங்குழலியின் பாட்டு வேறு வகை. அலைகடல் அடங்கியிருக்க அகக்கடல் பொங்குவதேன் என்று கேட்கிறாள். பாடுவது கோடிக்கரைக் கடலோரத்தில். நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் படித்தது இங்கே உயிரோடு வருகிறது. பின்னால் நிஜப் புயலும் அடிக்கிறது. உள்ளே பொங்கியது வெளியேயும் பொங்குகிறது.

குறியீடுகளில் வலுவானது, கரிகாலன் கொன்ற பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் மீன் சின்னம் பொறித்த வாள். அந்தச் சாவுக்குப் பழிவாங்கக் காத்திருக்கும் நந்தினி அதை வைத்துப் போற்றும் இடங்களில் பழி என்ற சொல்லே தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. ஒட்டுக்கேட்டல் என்ற உத்தியைக் கல்கி அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார். சுவரின் மறுபக்கம், மரத்தின் மறைவு, பள்ளிப்படை (அரசர் நினைவுக் கோயில்) இருக்கும் காடு என்று எங்கும் யாராவது சரியான நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முன்கதையைத் திரும்பச் சொல்வதும் அடிக்கடி வருகிறது. போன வாரம் படித்ததை மறந்தவருக்கு அது உதவி, ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சுமை. 91 அத்தியாயம் கொண்ட ‘தியாக சிகரம்’ நடுவில் தொய்கிறது. ஒரு நாளைக்கு நான்கைந்து அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சலிப்பு குறையும், நிறுத்தங்களும் வேலை செய்யும்.

தொடர் வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த ஓவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். கைச்செலவு இடிக்கிறதென்றால் மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூல் தொகுப்பில் முழு நூலும் இலவசமாக இருக்கிறது. எந்தப் பதிப்பானாலும் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்று பாருங்கள். தொடர் முடிந்ததும் வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லும் பகுதி அது. எந்த முடிச்சுகளை வேண்டுமென்றே அவிழ்க்காமல் விட்டார் என்பது அங்கேதான் இருக்கிறது.