40 வயசுல டென்த் எழுதலாமா? அக்காவோட அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்ட அரசு ரூல்ஸ், என் ரிவியூ

எங்க அக்கா வியாசர்பாடியில இருக்கா, இப்ப வயசு 40, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில 16 வருஷமா டெய்லர். 1999ல அப்பாவுக்கு உடம்பு முடியாம போனப்ப ஒன்பதாவது பாதியில படிப்ப நிறுத்தினா, அதுக்கப்புறம் வேலை, கல்யாணம், ரெண்டு பசங்கன்னு காலம் ஓடிருச்சு. 2023 கடைசியில அவ லைன்ல சூப்பர்வைசர் வேலை காலியாச்சு, அவ கிட்ட மிஷின் பழகின ஒரு பொண்ணுக்கு அந்த வேலைய குடுத்தாங்க, ஏன்னா அந்தப் பொண்ணு கிட்ட டென்த் சர்டிபிகேட் இருந்துச்சு. அன்னைக்கு நைட்டு போன் பண்ணி "பாப்பா, நான் இனிமே டென்த் எழுத முடியுமாடி"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. அந்த ஒரு கேள்விக்கு பதில் தேடி அலைஞ்சதுல என்னென்ன தெரிஞ்சுதோ அத்தனையும் இங்க எழுதறேன், உங்க வீட்லயும் இப்படி ஒரு அக்காவோ சித்தியோ கண்டிப்பா இருப்பாங்க.

முதல்ல போனது தப்பான இடம். ஒரு பிரைவேட் ஸ்டடி சென்டர், பேரு வேணாம். உக்கார வச்சு டீ எல்லாம் குடுத்து "டென்த் எதுக்கு மேடம், 18 வயசு தாண்டிருச்சுல்ல, ஓபன் யூனிவர்சிட்டியில நேரா டிகிரிக்கே போயிடலாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு 28,000 ரூபா கேட்டாங்க. அக்காவுக்கு கண்ணெல்லாம் மின்னுச்சு, பையில இருந்து அட்வான்ஸ் எடுக்கவே போயிட்டா, நான் தான் ரெண்டு நாள் டைம் கேட்டு இழுத்துட்டு வந்தேன். அவங்க சொன்னதுல ஒரு பாதி உண்மை தான், 18 முடிஞ்சவங்களுக்கு ஆயத்தப் படிப்புன்னு ஒண்ணு வச்சு அது வழியா டிகிரிக்கு போற வழி ஓபன் யூனிவர்சிட்டில இருந்துச்சு. சொல்லாம விட்ட மீதிப் பாதி தான் முக்கியம். தமிழ்நாடு அரசு வேலைக்கு டென்த், ப்ளஸ் டூ, அப்புறம் டிகிரின்னு இந்த வரிசையில படிச்சிருக்கணும், டிஎன்பிஎஸ்சி நோட்டிபிகேஷன் எடுத்துப் பாருங்க, தெளிவா போட்டிருப்பாங்க. வரிசைய தாண்டி வாங்கின டிகிரிய வச்சுக்கிட்டு அங்க போய் நின்னா அப்ளிகேஷனே நிக்காது. டிகிரி ஆசை காட்டி பணம் கேக்கறவங்க இத முதல் நிமிஷத்துலயே சொல்லணும், சொல்லலன்னா அது ஏமாத்து வேலை தான், அதுவும் வீட்டு வாடகைக்கே கணக்கு பாக்கறவங்க கிட்ட. இந்த சென்டருக்கு 5க்கு பூஜ்யம்.

அடுத்து நிஜமான வழிக்கு வரேன். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துற தனித்தேர்வர் முறை, அதாவது ஸ்கூல்ல சேராம நேரா பரீட்சை மட்டும் எழுதறது. ஆபீஸ் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்ல, பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்னு பேரு மாத்தியாச்சு, ஆனா ஆட்டோக்காரர் கிட்ட பழைய பேரு டிபிஐன்னு சொன்னா தான் சட்டுனு புரியுது. ரூல் ரொம்ப சிம்பிள். எட்டாவது தனித்தேர்வுக்கு 12½ வயசு முடிஞ்சிருந்தா போதும், ஸ்கூல் பக்கமே போகாதவங்களும் எழுதலாம். டென்த்துக்கு 14½ வயசு, எட்டாவது பாஸ். ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு இருந்த வரைக்கும் அதுக்கு 15½ வயசு, டென்த் பாஸ், 2025-26லேருந்து அந்தத் தேர்வ எடுத்துட்டாங்க. எல்லாத்துலயும் கீழ் வயசு தான் இருக்கு, மேல் வயசே கிடையாது. இத நான் படிச்சு காட்டினப்ப அக்கா திரும்பத் திரும்ப "மேல எவ்ளோ வயசுன்னு போட்டிருக்கு"ன்னு கேட்டுட்டே இருந்தா, நம்பவே மாட்டேன்னுட்டா. 38 வயசுக்காரி ஹாலுக்குள்ள போனா வெளிய அனுப்பிடுவாங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்திருக்கா. எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

அப்ளிகேஷன நம்ம மொபைல்ல போட முடியாது, சேவை மையம்னு சில ஸ்கூல்கள்ல வச்சிருக்காங்க, நேர்ல போய் அங்க தான் போடணும். நாங்க போனது டிசம்பர் கடைசி, மார்ச் பரீட்சைக்கு. மையத்துல இருந்த மேடம் பேப்பரெல்லாம் பாத்துட்டு "சயின்ஸ் ப்ராக்டிகலுக்கு பதிவு பண்ணியிருக்கீங்களாம்மா"ன்னு கேட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். விஷயம் என்னன்னா டென்த் எல்லா பாடமும் முதல் தடவையா எழுதற தனித்தேர்வர் சயின்ஸ் செய்முறை வகுப்புக்கு முன்னாடியே பேர் குடுத்து போயிருக்கணும், வருகைப் பதிவு 80 சதவீதம் இருக்கணும், அது இல்லன்னா பரீட்சைக்கே விடமாட்டாங்க. இதுக்கு முன்னாடி வேற ஒரு ஆபீஸ்ல ரெண்டு தடவ போய் விசாரிச்சோம், அங்க ஒருத்தர் கூட இத வாய தொறந்து சொல்லல, "டிசம்பர்ல வாங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினாங்க. ஒரு வருஷம் போச்சு. அக்கா பஸ் ஸ்டாப்ல உக்காந்து அழுதுட்டா. இந்த ரூல நான் குறை சொல்லல, ப்ராக்டிகல் தெரியாம சயின்ஸ் பாஸ் பண்ணி என்ன பிரயோஜனம், ஆனா பரீட்சை தேதிய அறிவிக்கற மாதிரி இதையும் ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டுன்னு பெருசா ஒட்டணும். அடுத்த வருஷம் எழுதணும்னா ஸ்கூல் திறக்கற ஜூன் மாசத்துலேருந்தே விசாரிச்சுட்டு இருங்க, பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடி முழிச்சுக்காதீங்க.

அந்தக் காத்திருந்த மாசங்கள்ல தான் சர்டிபிகேட் வேட்டை. எட்டாவது வரைக்கும் படிச்சு நின்னவங்களுக்கு ஸ்கூல்ல ரெக்கார்ட் ஷீட் தருவாங்க, ஒன்பதாவது போயிருந்தா டிசி. அக்கா கிட்ட ரெண்டும் இல்ல, 2015 வெள்ளத்துல பீரோவோட போச்சு. அவ படிச்ச ஸ்கூலுக்கு போனோம், வேலை நாளா பாத்து லீவு போட்டு மூணு தடவ. மூணாவது தடவ ஹெட்மிஸ்ட்ரஸ் மேடமே ஏணி போட்டு அலமாரி மேல இருந்து 1990 வருஷங்களோட அட்மிஷன் ரெஜிஸ்டர எடுத்தாங்க, தூசிய தட்டி ஒவ்வொரு பக்கமா விரல் வச்சு பாத்து, அக்கா பேர கண்டுபிடிச்சப்ப எங்களவிட அவங்களுக்கு தான் சந்தோஷம். பிறந்த தேதி அதுல ஒண்ணு, ஆதார்ல வேற ஒண்ணு, இனிஷியலும் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேருக்கு மாறிடுச்சு. சேவை மையத்துல ஸ்கூல் ரெக்கார்டுல உள்ளபடியே போடச் சொன்னாங்க, போட்டோம். அம்மாவ கூட்டிட்டு போறவங்க, மாமியார கூட்டிட்டு போறவங்க எல்லாரும் வயசப் பத்தி கவலைப்படறத விட்டுட்டு இந்த ரெண்டையும் முதல்ல சரி பாருங்க.

எட்டாவது சர்டிபிகேட் எங்க தேடியும் கெடைக்கலன்னா இன்னொரு வழி என்ஐஓஎஸ், மத்திய அரசோட திறந்தவெளிப் பள்ளி, 1989ல ஆரம்பிச்சது. டென்த்துக்கு 14 வயசு, ப்ளஸ் டூவுக்கு 15, மேல் வரம்பு இல்ல. டென்த்துக்கு எட்டாவது சர்டிபிகேட் இல்லாதவங்க, படிக்கிற அளவுக்கு பயிற்சி இருக்குன்னு தானே எழுதிக் குடுத்தா ஏத்துக்கறாங்க. அஞ்சு பாடம், அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது தடவ வரைக்கும் எழுதலாம், ஒரு தடவைக்கு ஒண்ணோ ரெண்டோ பாடம் எழுதி சேத்துக்கலாம், டென்த் தமிழ் மீடியத்துலயும் உண்டு. வேலைக்கு போயிட்டு படிக்கறவங்களுக்கு இந்த அமைப்பு தான் வசதி. ஆனா பீஸ் நம்ம ஸ்டேட் தனித்தேர்வ விட நெறைய அதிகம், அக்காவுக்கு கட்டுப்படி ஆகல, அதான் நாங்க போகல.

2024ல நேரத்துக்கு ப்ராக்டிகல் பதிவு பண்ணோம். கம்பெனியில கெஞ்சி பர்மிஷன் வாங்கி போனா. அவ பையன் வயசுப் பசங்களோட நின்னு லிட்மஸ் பேப்பர் நனைச்சது, மைக்ராஸ்கோப்ல பாத்ததுன்னு வீட்டுக்கு வந்து எங்க அம்மாவுக்கு கதை கதையா சொல்லுவா. சயின்ஸ்ல 75க்கு எழுத்து, 25க்கு ப்ராக்டிகல், எழுத்துல 20, ப்ராக்டிகல்ல 15, ரெண்டையும் தனித்தனியா எடுக்கணும். 2025 மார்ச்ல எழுதினா, நாலு பாடம் பாஸ், மேத்ஸ் போச்சு. ஜூலை துணைத்தேர்வுல மறுபடி எழுதி 41 எடுத்தா. மொத்த பீஸும் சேத்தா அந்த ஸ்டடி சென்டர் கேட்ட பணத்துல ஒரு மூலைக்கு கூட வராது. தனித்தேர்வர் முறைக்கு என் மார்க் 5க்கு 4, அந்த ஒண்ணு ப்ராக்டிகல் பதிவ ஊருக்கு தெரியாம வச்சிருக்கறதுக்காக குறைச்சேன்.

இனி தொழில் படிப்பு பக்கம். இங்க தான் வயசு நிஜமாவே இடிக்குது. அரசு ஐடிஐல பெண்களுக்கு மேல் வயசு கிடையாது, ஆண்களுக்கு 40 வரைக்கும். கிண்டில பெண்களுக்குன்னே தனி ஐடிஐ இருக்கு, அம்பத்தூர், வட சென்னையிலயும் அரசு ஐடிஐ இருக்கு. டியூஷன் பீஸ் இல்ல, மாசம் 750 ரூபா உதவித்தொகை. வயர்மேன், வெல்டர், தையல் மாதிரி ட்ரேடுக்கு எட்டாவது பாஸே போதும், அப்போ அக்காவ 2023லயே எடுத்திருப்பாங்க! இன்னொண்ணு, எட்டாவது முடிச்சு ரெண்டு வருஷ ட்ரேட் படிச்சவங்க தமிழ், இங்கிலீஷ் மொழித்தேர்வு மட்டும் எழுதினா டென்த்துக்கு சமமான சர்டிபிகேட் கெடைக்கும், இது பாதி பேருக்கு தெரியாது. ஆனா பாருங்க, கிளாஸ் பகல் முழுக்க. மாசம் 750 வாங்கிட்டு ரெண்டு பசங்கள வச்சுக்கிட்டு எப்படி சம்பளத்த விட முடியும். ரூல் கதவ தொறந்து வச்சிருக்கு, அக்காவால உள்ள போக முடியல. சாயங்கால ஷிப்ட்ல ஒரு பேட்ச், பெண்களுக்கு மட்டுமாவது, வச்சா வியாசர்பாடியிலேருந்து மட்டும் அம்பது பேர் வருவாங்க, நான் கூட்டிட்டு வரேன்.

ஆண்கள் விஷயம் எனக்கு மனசே ஆறல. எங்க எதிர் வீட்டு அண்ணனுக்கு 42, எட்டாவது வரைக்கும் படிச்சவரு, லாக்டவுன்ல வேலை போய் இப்ப செக்யூரிட்டியா நிக்கறாரு, ஏசி மெக்கானிக் கத்துக்கணும்னு ஆசை. ஐடிஐக்கு வயசு தாண்டிருச்சு. மத்திய அரசோட பிரதமர் கௌசல் விகாஸ் திட்டம் 15லேருந்து 45 வரைக்கும், அதுல சேரலாம், ஆதாரும் பேங்க் அக்கவுண்டும் வேணும். ஜன் சிக்ஷன் சன்ஸ்தான்னு இன்னொண்ணு இருக்கு, அது எழுதப் படிக்கத் தெரியாதவங்கள்லேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சு நின்னவங்களுக்கானது, அங்கயும் 45 தான் பொதுவான எல்லை. அவருக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, அதுக்குள்ள முடிச்சிடணும்னு தெனம் சொல்லிட்டு இருக்கேன். 46 வயசுல வேலை போன ஆம்பளைக்கு எந்தக் கதவுன்னு யாராவது யோசிக்கணும், அவரும் 15 வருஷம் உழைக்கப் போறவரு தானே.

கடைசியா நான் மனசார 5க்கு 5 குடுக்கறது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாத யாரா இருந்தாலும் சேரலாம், அவ்ளோ தான் தகுதி. பீஸ் இல்ல, டிசி இல்ல, ரெக்கார்ட் ஷீட் இல்ல. 2022லேருந்து 2027 வரைக்கும் போற திட்டம், சொல்லிக்குடுக்கறது தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. அக்கா புக்க எடுத்து படிக்கறத பாத்துட்டே இருந்த எங்க அம்மா, 63 வயசு, ஒரு நாள் "ஏண்டி, எனக்கெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா"ன்னு கேட்டாங்க. பக்கத்துல கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சாயங்கால கிளாஸ், காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு தான் டீச்சர், அம்மா அவள "டீச்சர்மா"ன்னு கூப்பிடறாங்க. கடைசியில ஒரு தேர்வு, படிக்கறது, எழுதறது, கணக்கு ஒவ்வொண்ணுக்கும் 50, மொத்தம் 150. அம்மாவுக்கு கணக்கு ஈஸி, முப்பது வருஷம் பூ வித்தவங்க, வாய்க்கணக்குல நம்மள தோக்கடிச்சிடுவாங்க, அத பேப்பர்ல எழுதத் தான் பழகணும். "ழ" மட்டும் இன்னும் கை வரல.

அக்கா இப்ப ப்ளஸ் டூ எப்ப பதிவு பண்ணணும்னு கேட்டுட்டு இருக்கா. சூப்பர்வைசர் வேலை அடுத்து காலியாகறப்ப பாக்கலாம்னு கம்பெனியில சொல்லியிருக்காங்க, மார்க் ஷீட்ட லேமினேட் பண்ணாம பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கா, பீரோவுல இல்ல, இந்த தடவ பரண் மேல. யாருக்காவது சேவை மையம் எதுன்னு தெரியலன்னா கமெண்ட்ல உங்க ஏரியா மட்டும் போடுங்க, விசாரிச்சு சொல்றேன். போறப்ப ஆதார், டிசி இல்லன்னா ரெக்கார்ட் ஷீட், ரெண்டு போட்டோ, எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். பெண்களா இருந்தா பிங்க் பஸ்ல டிக்கெட் காசும் வேணாம்.