ஈரம் பார்த்துத் திறக்கும் பலகையா, மோட்டாரா?

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம் எங்கள் வீட்டு மேல்மாடியில் துணி உலர்த்தும் அறை ஒன்று இருக்கிறது. வெயில் வந்தால் அதன் காற்றுத் துவாரம் திறக்க வேண்டும், மூடுபனி இறங்கினால் மூட வேண்டும். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. கையால் திறக்கும் கண்ணாடி லூவர் (சாய்த்துத் திறக்கும் பட்டை அடுக்கு) மலிவுதான், ஆனால் அதற்கு ஆள் வேண்டும். மிஞ்சியவை இரண்டு: ஈரப்பத சென்சர் பூட்டிய மோட்டார் லூவர், ஈரத்துக்குத் தானே வளையும் மரத் தட்டுகள். நான் மரத்தைத்தான் வைத்தேன்.

பைன் காய் உலர்ந்தால் விரியும், நனைந்தால் குவியும். பலகையையும் அப்படி வேலை செய்ய வைக்கலாம். ஈரம் ஏறினால் மரம் நார்வாக்கில் அநேகமாக நீளாது, குறுக்கே உப்பும். இரண்டு மெல்லிய தகடுகளை நார் குறுக்குமறுக்காக இருக்கும்படி ஒட்டினால், ஒன்று சுருங்கும்போது மற்றது விடாமல் பிடிக்கும், தட்டு வளைந்துவிடும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைஞர் ஆக்கிம் மெங்கஸ் குழு 2013இல் செய்த ஹைக்ரோஸ்கின் மண்டபத்தின் துவாரங்கள் இப்படித்தான், காற்றின் ஈரப்பதம் 30 முதல் 90 வீதம் வரை மாறுவதற்கு ஏற்ப, மின்சாரம் இல்லாமல் திறந்து மூடின.

"எல்லாரும் வளையாத பலகை கேப்பாங்க, நீங்க வளையிறதக் கேக்கிறீங்களே" என்றார் தச்சு பாஸ். மரக்காலையில் சவுக்குப் பலகையை மெல்லியதாக அறுத்து வாங்கி, மழை நாளாகப் பார்த்து ஒட்டினோம். ஈரத்தில் ஒட்டிய தட்டு ஈரத்தில் தட்டையாக நிற்கும். காய்ந்தால் வெளித்தகடு சுருங்கி வெளிப்பக்கமாக மடங்கித் திறக்கும். வெள்ளைப் பசை ஈரத்தில் விட்டுவிடும் என்பதால் பொலியூரித்தேன் பசை போட்டோம்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மோட்டார் லூவர் முதல் மழைக்காலத்திலேயே நின்றுபோனது. உள்ளே ஈரம் இறங்கி இணைப்புகள் துருப்பிடித்திருந்தன. பழுது பார்க்க கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை துவாரம் பாதி திறந்தபடியே கிடந்தது. மரத் தட்டு உடைந்தால் ஊர்ப் பாஸே ஒரு துண்டு வெட்டி மாற்றிவிடுவார், கரண்ட் போனாலும் அது வேலை செய்யும். ஆனால் அதற்கு வார்னிஷ் அடிக்கவே கூடாது. அடித்தால் ஈரம் உள்ளே போவது குறைந்து மரம் சரியாக அசையாது. பூச்சில்லாத மரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் அல்லவா? அதனால் தட்டுகளை நீட்டிய கூரைக்குக் கீழே மழை நேரடியாகப் படாமல் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். வேறு செலவு இல்லை.

ஆடி மாதம் வீசும் வறண்ட கச்சான் காற்றில் தட்டுகள் நாள் முழுக்கத் திறந்தே நிற்கின்றன. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மூடுபனி நாட்கணக்கில் கலையாத இடங்களில் இதை வை என்று நான் சொல்லமாட்டேன். அங்கே மூடியபடியே கிடக்கும்; ஸ்விட்ச் போட்டுத் திறக்க முடிகிற மோட்டாரே நல்லது. என் தட்டுகள் இதுவரை கண்டது இரண்டு மழைக்காலம்தான். அதே பலகையில் இன்னும் ஆறு தட்டுகள் செய்து, பரணில் எடுத்து வைத்திருக்கிறேன்.